நான் ஓடவைத்த வீடியோ கேம்

ஆயுத பூஜை அன்று ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் இருக்காது. தறி, ராட்டை, கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி வரை எதையும் எடுத்து வேலை செய்யக் கூடாது. பொருட்களுக்கு ஓய்வு, ஆண்களுக்கும் ஓய்வு. பொருட்களாவது வைத்த இடத்தில் சும்மா இருக்கும்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் பொட்டு வைத்துக்கொண்டவற்றில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்தது. என் கணவர் பட்டுப் புடவைகளுக்கு பார்டரும் முந்தானையும் வரைந்து தரும் டிசைன் கடை வைத்திருந்தார். கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையது வீட்டுக்கு வந்தது. விண்டோஸ் தொண்ணூற்றெட்டு, இரண்டு ஜிபி ஹார்ட் டிஸ்க், ஆன் செய்தால் மாவு மில்லில் கேட்பது போல ஒரு சத்தம். "இது உனக்குத்தான்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் சொல்வதை அவர் எல்லோருக்காகவும்தான் சொல்வார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நம்பிவிட்டேன்.

நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் போட்டதோடு அந்தப் படிப்பின் உபயோகம் முடிந்திருந்தது. மூன்று வருடம் கழித்து, இந்தப் பெட்டி வந்த பிறகுதான், முன்னறையில் பெண்பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊரான சேவூரில் தெருத் தெருவாக நடந்து ஐந்து பெண்களின் அம்மாக்களிடம் பேசினேன். அவர்களில் நான்கு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அந்தக்கா பொண்ண அனுப்பினா நானும் அனுப்பறேன்."

அந்தக்கா என்பவர் அங்கே மகளிர் குழுவை நடத்தியவர். அவருக்குப் பத்தாவது படிக்கும் ஒரே மகள். வாசலில் நின்றபடியே என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

"கிளாஸ் நடக்கும்போது வூட்ல ஆம்பளைங்க இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க. கடைக்குப் போயிடுவாங்க."

"பாடம் மட்டும்தானே? இந்த கேமு, படம், அதெல்லாம் கிடையாதே?"

"பாடம் மட்டும்தாங்க."

"செரி. விஜயதசமி காலைல நானே எல்லாரையும் இட்டுகினு வரேன். ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டா எனக்கு நிம்மதி."

ஆக, அந்த ஒரு காலைப் பொழுது ஒழுங்காக நடந்தால் ஐந்து மாணவிகள். இல்லையென்றால் ஒருவரும் இல்லை. இதை என் கணவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "ஆங், ஆங்" என்றார். நான்காவது முறையும் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது. அப்போதும் "ஆங்" என்றுதான் சொல்லியிருப்பார்.

பூஜை முடிந்து, பொரியும் சுண்டலும் தின்று முடித்த பகல் வேளையில் என் நாத்தனாரின் கணவர் வந்தார். அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். என் கணவருக்கு மாமா. அவர் ஜக்கார்டு அட்டை அடிப்பவர். டிசைனில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை; எங்கே நூல் எழும்ப வேண்டுமோ அங்கே ஓர் ஓட்டை. அந்த அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோர்த்துத் தறி மேல் ஏற்றினால் புடவையில் மாங்காயும் மயிலும் விழும். அந்த வேலையில் அவரை அடிக்க ஆளில்லை என்று ஊரில் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் உலகத்தில் இருக்கும் எல்லா வேலையும் அட்டை அடிக்கிற வேலைதான் என்று நினைக்கும் மனிதராக அவர் ஒருவரைத்தான் நான் பார்த்தேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து, விபூதிப் பொட்டலம் கொடுப்பது போல என் கணவர் கையில் வைத்தார்.

"மெட்ராஸ்லருந்து வரவழைச்சேன் மச்சான். அந்தக் காலத்து காசு போட்டு ஆடற கேமு அத்தினியும் இதுல கீது."

என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மகள் பிறந்தபோது கூட அப்படி மலர்ந்ததா என்று யோசித்தேன். ஒருவேளை மலர்ந்திருக்கலாம், நான் அப்போது பார்க்கும் நிலையில் இல்லை.

அவருடைய பள்ளி நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்ததாம். வாசலில் அழுக்குப் பச்சைத் திரை. உள்ளே ஆள் உயரப் பெட்டிகள். அவருக்குப் பிடித்த ஆட்டத்தில் பனியன் போட்ட ஒருவன் தெருவில் நடந்து போவான், எதிரில் வருகிறவர்களை எல்லாம் காரணம் கேட்காமல் குத்துவான். பீப்பாயை உடைத்தால் உள்ளே வறுத்த கோழி இருக்கும். தரையில் கிடப்பதை எடுத்துத் தின்றால் உயிர் ஏறும். கடைசிக் கட்டத்தில், கடைசி எதிரியிடம் வந்து சேர்ந்த நேரத்தில், என் மாமனார் திரையை விலக்கிக்கொண்டு வந்து காதைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாராம். அந்தக் கடைசி எதிரியை அடிக்காமல் விட்டது அவருக்கு வாழ்க்கையின் பெரும் குறை. இதைக் கல்யாணமான முதல் மாதமே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஏதோ பெரிய துக்கத்தைச் சொல்லப் போகிறார் என்று நானும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஏங்க, பூஜை போட்டது. தொடக் கூடாது. நாளைக்கு வேற கிளாஸ் இருக்குது" என்றேன்.

"தொழில் பண்ணினாத்தான் தப்பு. விளையாடறதுல இன்னா தப்பு?" என்றார்.

"அதானே," என்றார் அண்ணா. "சரஸ்வதி இன்னா விளையாடவே கூடாதுன்னா சொல்லுச்சு?"

நான் மாமியாரைப் பார்த்தேன். காலையில் அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்துவிட்டு, கறிகாய் நறுக்க என்னைப் பக்கத்து வீட்டுக்குக் கத்தி கேட்டு அனுப்பியவர் அவர். சட்டம் அவ்வளவு கண்டிப்பு.

"புள்ள வருஷம் பூரா ஒழைக்குது. ஒரு நாள் ஆசப்பட்டா விடேம்மா" என்றார். புள்ளைக்கு அப்போது முப்பது வயது.

இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் மகளுக்குச் சோறு ஊட்டுகிற சாக்கில் அறை வாசலில் உட்கார்ந்தேன். வயரை இழுத்துவிடுவாளோ, சிடியை வாயில் வைத்துவிடுவாளோ என்று ஒரு பயம். என் டைப்பிங் பாடத்தை இவர்கள் அழித்துவிடுவார்களோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரியது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதற்காக என்னையே கொஞ்சம் திட்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் போனது. ஆட்டம் வரவில்லை. கறுப்புத் திரையில் வரிசையாக ஆங்கில வரிகள் மட்டும் வந்தன.

"இன்னா மாமா, வெறும் எழுத்தாவே வருது?"

"இரு மச்சான், பேஜார் பண்ணாத. லோடு ஆயிகினு கீது."

லோடு ஆகவில்லை. அந்தக் கோப்பு இல்லை, இந்தக் கோப்பு இல்லை என்று அது தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. முறைத்துப் பார்த்தால் பயந்து ஓடத் தொடங்கிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. அண்ணா கம்ப்யூட்டரின் தலையில் இரண்டு முறை தட்டினார். பிறகு அணைத்து, ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்து, திரும்பப் போட்டார். அதே வரிகள்.

"சிடி டூப்ளிகேட்டு மாமா."

"சிடில ஒண்ணும் கோளாறு இல்ல. உன் பொட்டிதான் ஓட்டை."

இந்த இடத்தில் நான் எழுந்து சமையலறைக்குப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் இன்னும் அரை மணி நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லி அலுத்து, டீ கேட்டு, குடித்துவிட்டு, வெளியே போயிருப்பார்கள். நான் போகவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போய் நின்று, "அந்த ஃபோல்டரைத் திறங்க, பாக்கறேன்" என்றேன். உதவி செய்யும் எண்ணம் துளியும் இல்லை. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை.

நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியதாகவே இருந்தது.

அந்தப் பழைய பெட்டிகளில் ஓர் ஆட்டம் முழுவதும் சிப் எனப்படும் சில சில்லுகளில் அடங்கியிருக்கும். யாரோ அந்தச் சில்லுகளில் இருந்ததை அப்படியே நகல் எடுத்து, ஓர் ஆட்டத்துக்கு ஒரு ஜிப் மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். எமுலேட்டர் என்ற மென்பொருள் நம் கம்ப்யூட்டரை அந்தப் பெட்டியைப் போல நடிக்க வைக்கிறது. எந்த நகல் எந்தச் சில்லுடையது என்பதை அது கோப்பின் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். பெயர்கள் நமக்குப் பார்க்கக் கன்னாபின்னாவென்று இருக்கும். அதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பெயர் மட்டும் மாறக் கூடாது.

சிடியிலிருந்து ஹார்ட் டிஸ்கில் ஏற்றும்போதே அண்ணா மூட்டைகளை எல்லாம் பிரித்திருந்தார். பிரித்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் இருந்த கோப்புகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக எண் போட்டுப் பெயர் மாற்றியிருந்தார். பனியன்காரன் ஆட்டத்தில் மட்டும் இருபதுக்கு மேல் இருந்தன. எல்லாம் அழகாக வரிசையில் நின்றன.

"எதுக்குங்கண்ணா பேரை மாத்தினீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நெம்பர் போடலன்னா எப்பிடிம்மா வரிசையாப் படிக்கும்? அட்டைக்கு நெம்பர் இல்லாம கோத்தா இன்னா ஆவும்? மாங்கா வர எடத்துல மயிலோட காலு வரும். எவனோ மெட்ராஸ்காரன், ஒழுங்கில்லாம வெச்சிருந்தான். நான் சீர் பண்ணேன்."

என் கணவர் தலையை ஆட்டினார். "மாமா சொல்றது கரெக்டுதான்."

ஆரணியில்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும் என்று நினைக்கிறேன். வேறு ஊரில் யாரும் இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு ஒழுங்காக, ஒரு சிடியில் இருந்த அத்தனை ஆட்டத்தையும் ஒவ்வொன்றாகக் கொலை செய்திருக்க மாட்டார்கள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, மகளை அண்ணா மடியில் உட்கார வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். மானிட்டரின் நெற்றியில் நான் காலையில் வைத்த குங்குமம் இருந்தது. பூஜை அன்று தொடுகிறோமே, பிள்ளை குட்டி இருக்கிற வீடாயிற்றே என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தள்ளிவிட்டு மௌஸைப் பிடித்தேன். அவர் எண் போட்ட எல்லாவற்றையும் அழித்தேன். சிடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு மூட்டைகளைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து உரிய இடத்தில் வைத்தேன். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. எமுலேட்டரை ஓட்டினேன். பனியன்காரன் வந்துவிட்டான்.

என் கணவர் குதித்தே விட்டார். "மாமா! அவன்தான்! அவனேதான்!"

"சொன்னேனா இல்லியா, சிடில கோளாறு இல்லன்னு" என்றார் அண்ணா.

என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை இல்லை. ஐந்தை அழுத்தினால் காசு போட்ட கணக்கு, ஒன்றை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும் என்று நான்தான் சொல்லித் தந்தேன். அண்ணா அதை அப்படியே என் கணவருக்குத் தம் சொந்தச் சரக்கு போலத் திருப்பிச் சொன்னார். என் கணவர் ஐந்தை விடாமல் அழுத்தி, போடாத காசைப் போட்டுப் போட்டு ஆனந்தப்பட்டார். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தார்கள். செத்துச் செத்துப் பிழைத்து, சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அந்தக் கடைசி எதிரியை அடித்தே முடித்தார். முடிந்ததும் திரையில் நாலு வரி ஆங்கிலம் வந்தது. அதையும் அவர் படிக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது.

"மாமா, கடையில ஆன் பண்ணினா நேரா கேமே வரும். இதுல ஜன்னல் ஜன்னலா வருது. நேரா வர மாதிரி செய்ய முடியாதா?"

"அதெல்லாம் கம்பெனிலதான் பண்ண முடியும் மச்சான்" என்றார் அண்ணா, எல்லாம் தெரிந்தவராக.

"முடியும்" என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? இதை நூறு தடவை எனக்குள் கேட்டிருக்கிறேன். அந்த மனிதரின் 'முடியாது'வைப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஸ்டார்ட்-அப் ஃபோல்டரில் ஒரு ஷார்ட்கட்டைப் போட்டேன். இனி கம்ப்யூட்டரை ஆன் செய்தால் நேராகப் பனியன்காரன் ஆட்டம்தான் வரும். அவர்கள் போனதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். போகும்போது என் கணவர் கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தார். மாமியார் வந்து கலைந்திருந்த குங்குமத்தைத் துடைத்துப் புதிதாக வைத்து, பூவைச் சரி செய்து, "இனி நாளைக்குப் பூஜை ஆனப்புறம்தான் இதைத் தொடணும்" என்றார். இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது இந்தக் கண்டிப்பு என்று நான் கேட்கவில்லை. நான் எப்போதும் கேட்பதில்லை. ஒரு முறை தொட்டதற்கே எனக்கு மனசாட்சி உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை தொட்டு, மகளுக்கு நாளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் அதையும் நான்தான் சுமக்க வேண்டும்.

ஆனால் என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. காலைப் பூஜையே பெண்கள் வந்த பிறகுதான்; கற்பூரம் காட்டியதும், மானிட்டரை ஆன் செய்யாமல் பெட்டியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். அது மெதுவாகத் தயாராகும். அதற்குள் பெண்களிடம் கீபோர்டைக் காட்டிப் பேச வேண்டும். பேசிக்கொண்டே எஸ்கேப்பை அழுத்தி ஆட்டத்தை மூடிவிட்டு, பிறகு மானிட்டரைப் போட வேண்டும். யாருக்கும் தெரியாது. படித்தவள் போட்ட திட்டம்.

அந்தக்கா சொன்னபடி வந்தார். ஐந்து பெண்களும் தலைக்குக் குளித்து, பூ வைத்து, புது நோட்டோடு வந்திருந்தார்கள். என்னை "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். அப்படி என்னை யாரும் அதற்கு முன்னால் கூப்பிட்டதில்லை. கற்பூரம் காட்டினேன். பாயில் உட்கார வைத்தேன். பெட்டியை ஆன் செய்தேன். மானிட்டர் இருட்டாக இருந்தது.

"இதுதான் கீபோர்டு. மொதல்ல விரலை எங்க வைக்கணும்னு பாப்போம்."

அந்தக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது.

ஸ்பீக்கரை நான் மறந்துவிட்டேன்.

இருட்டுத் திரைக்குள்ளிருந்து முதலில் ஒரு வெடிச் சத்தம். பிறகு இசை. பிறகு ஒரு பெண் வீறிடும் சத்தம், அதன் மேல் குத்து மேல் குத்தாக விழுகிற சத்தம். பெண்கள் பாயில் பின்னால் நகர்ந்தார்கள். நான் எஸ்கேப்பைத் தேடினேன். அவசரத்தில் வேறு எதையோ அழுத்தினேன். காசு விழும் சத்தம் கேட்டது.

அப்போது உள்ளறையிலிருந்து என் கணவர் ஓடி வந்தார். கடைக்குப் போயிருக்க வேண்டியவர். லுங்கி, மேலுக்கு ஒரு துண்டு, வாயில் பிரஷ்.

"சவுண்டு மட்டும் வருதா? மானிட்டர் ஆஃப்ல கீது பாரு" என்று, மிகுந்த அக்கறையோடு, அதைப் போட்டும் விட்டார்.

திரையில் பனியன்காரன், அரைகுறை உடையில் இருந்த ஒருத்தியைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான்.

நான் ஆட்டத்தை மூடினேன். அந்தக்கா என் கணவரைப் பார்க்கவில்லை. ஆண்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"யாரும்மா இத இதுல போட்டது?"

என் கணவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஊருக்கே டிசைன் போட்டுத் தருகிற மனிதர், ஒரு பெண்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால், துண்டை இழுத்து இழுத்து மார்பை மூடிக்கொண்டு நின்றார்.

"நான்தாங்க போட்டேன்" என்றேன்.

"நீயா?"

"நான்தான். ஆனா பாடம் தனியா இருக்குதுங்க. இதோ காட்டறேன்." டைப்பிங் பாடத்தைத் திறந்தேன். அது பத்திரமாக இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

"படிச்ச பொண்ணாச்சேன்னு நாலு வூட்ல நான்தான் சொல்லி வெச்சேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "பாடம் மட்டும்தான்னு சொன்னியே. ஆம்பளைங்க இருக்க மாட்டாங்கன்னும் சொன்னியே." பிறகு மகளைப் பார்த்து, "எழுந்திருடி" என்றார்.

மற்ற நால்வருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்கள். கடைசியாகப் போன பெண் மட்டும் வாசலில் திரும்பி, "வரேன் மிஸ்" என்றாள். அவள் வரவில்லை. யாரும் வரவில்லை. அடுத்த வாரம் நான் மறுபடியும் சேவூருக்குப் போய் மூன்று வீட்டு வாசலில் நின்றேன். மூன்று இடத்திலும் தண்ணீர் கொடுத்தார்கள், மகளுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள், பரீட்சை வருகிறது என்றார்கள்.

அவர்கள் போனதும் என் கணவர் வெகுநேரம் என் பக்கம் வராமல் குளித்தார். பிறகு பக்கத்தில் வந்து, "எனக்காகப் பழியை உம் மேல போட்டுகினியே. வேற எவளா இருந்தாலும் என்னைக் காட்டிக் குடுத்திருப்பா" என்றார். உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். இந்த வீட்டில் அந்த ஆட்டத்தை ஓடவைத்தது யார் என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. மாமாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அல்லது தாமேதான் என்று. நான் அந்த அம்மாவிடம் சொன்னது பொய் இல்லை என்பது அவர் புத்தியில் ஏறுவதற்கு வழியே இல்லை. ஏனென்றால் நேற்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை அவர் பார்க்கவே இல்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்திருப்பாரா, குற்றவாளி என்று நினைத்திருப்பாரா என்று எடை போட்டுப் பார்த்தேன். இரண்டும் உண்மை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அவர்களுடைய அறியாமையை எள்ளி நகையாடப் போய், அவர்களுக்கு எட்டாத கெடுதலை அவர்களுக்காக நானே செய்து முடித்தேன். என் படிப்பு என் வீட்டில் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

அன்று மாலை அவர் கடையிலிருந்து வரும்போது இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்து, மாமியார் முன்னாலேயே என்னிடம் கொடுத்தார். மாமியார் முகம் சுளித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு கொண்டை ஊசியை எடுத்து, பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் உலை வைக்கப் போனேன்.